தோளும் துயிலும்

ஒருவருக்குத் துன்பம் நேர்ந்த காலத்தில் துணை நிற்பதைத் 'தோள் கொடுத்தல்' என்று வழங்குவது தமிழ் மரபு. வளர்ந்த மகனைத் தந்தை நண்பனாக நடத்த வேண்டும் என்பதைக் கூறவந்த பழமொழியும் 'தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழன்' என்றே அமைந்தது. காவடி, கலப்பை, நெல்மூட்டை, உறங்கிப்போன குழந்தை ஆகிய அனைத்தையும் காலங்காலமாகத் தாங்கி வந்தது தோளே. ஆயினும், சுமைக்கென்றே படைக்கப்பட்டதுபோல் தோன்றும் அம்மூட்டு, உண்மையில் சுமைக்காக அமைந்தது அன்று, அசைவுக்காக அமைந்தது. இவ்வேறுபாட்டை அறிந்தால்தான் தோள் ஏன் வலிக்கிறது என்பதும், பகலெல்லாம் பொறுக்கக்கூடியதாய் இருந்த வலி இரவில் ஏன் உறக்கத்தைக் கெடுக்கிறது என்பதும் விளங்கும்.

மூன்று எலும்புகள் கூடித் தோள் ஆகின்றது. முதுகின் மேற்புறத்தில் முக்கோணப் பலகைபோல் கிடப்பது தோள்பட்டை எலும்பு. மார்பெலும்பிலிருந்து புறப்பட்டுத் தோளின் நுனி வரை செல்வது காறை எலும்பு. மூன்றாவது, மேற்கை எலும்பு. இதன் தலை பந்துபோல் உருண்டிருக்கும். அப்பந்து பொருந்தும் குழி, தோள்பட்டை எலும்பின் வெளியோரத்தில் உள்ளது. இடுப்பிலும் இவ்வாறே பந்தும் குழியும் உண்டு. ஆனால் இடுப்பின் குழி ஆழமானது. கிண்ணத்தில் இட்ட உருண்டை போலத் தொடையெலும்பின் தலை அதனுள் அடங்கிக் கிடக்கும். தோளின் குழியோ ஆழமற்றது. சிறு தட்டின்மேல் பெரியதோர் எலுமிச்சம்பழத்தை நிறுத்தினாற்போன்றது அதன் நிலை. பந்தின் பெரும்பகுதி எப்பொழுதும் குழிக்கு வெளியிலேயே இருக்கிறது.

குறைபாடு போலத் தோன்றும் இவ்வமைப்பே கைக்கு உரிமை அளிக்கிறது. உடலின் மூட்டுகளுள் மிகுதியாக அசைய வல்லது தோள் மூட்டே. மரமேறவும், பந்து எறியவும், தன் கூந்தலைத் தானே பின்னிக்கொள்ளவும் மனிதனால் முடிவது இதனால்தான். பக்கத்தில் தொங்கும் கையைத் தலைக்குமேல் உயர்த்தும்பொழுது அது ஏறத்தாழ 180 பாகை சுழல்கிறது. அதில் சுமார் 120 பாகை, பந்தும் குழியும் கூடும் இடத்தில் நிகழ்வது. எஞ்சிய 60 பாகை, தோள்பட்டை எலும்பு தானே முதுகின்மேல் வழுக்கித் திரும்புவதால் கிடைப்பது. நண்பன் ஒருவனது முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, அவனைக் கையை உயர்த்தச் சொன்னால், அவ்வெலும்பு நகர்வதை எளிதில் உணரலாம்.

எலும்பு தராத உறுதியைத் தசை தரவேண்டியிருக்கிறது. தோள்பட்டை எலும்பிலிருந்து தோன்றும் நான்கு சிறு தசைகளின் நாண்கள், மேற்கை எலும்பின் பந்தை முன்னும் பின்னும் மேலுமாகத் தழுவி நிற்கின்றன. பெரிய தசைகள் கையைத் தூக்கும்பொழுது பந்து குழியை விட்டு நழுவாதபடி இழுத்துப் பிடிப்பது இவற்றின் தொழில். வண்டியை இழுப்பவை காளைகள். சக்கரம் கழன்றுவிடாமல் காப்பது சிறு கடையாணி. தோளின் கடையாணி இந்நான்கு தசைகளே எனலாம். இவற்றுள் மேலே உள்ள தசையின் நாண் ஒரு குறுகிய வழியே செல்கிறது. தோளின் உச்சியில் நீட்டிக்கொண்டிருக்கும் எலும்பு அவ்வழிக்குக் கூரை. கூரைக்கும் நாணுக்கும் இடையே உராய்வு நேராதிருக்க, வழுவழுப்பான நீர்மம் சிறிதளவு கொண்ட மெல்லிய பை ஒன்று மெத்தைபோல் கிடக்கிறது. தோள்வலிகளுள் மிகப் பல இவ்விடுக்கிலேதான் பிறக்கின்றன.

கையைத் தலைக்குமேல் தூக்கி நெடுநேரம் வேலை செய்வோர், அதாவது சுவருக்கு வண்ணம் பூசுவோர், தச்சர், பரண்மேல் மூட்டைகளை ஏற்றுவோர், வேகமாய்ப் பந்து வீசுவோர் முதலியோர், இவ்வலிக்கு மிகுதியும் ஆளாகின்றனர். நாண் மேலுள்ள எலும்பில் தேய்வதே முழுக் காரணம் என்று முன்னர்க் கருதினர். வயது ஏறுவதாலும் அளவுக்கு மிஞ்சிய உழைப்பாலும் நாண் தன்னுள்ளேயே நலிந்துபோவதும் பெருங்காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. இத்தகையோர் கையைப் பக்கவாட்டில் உயர்த்தும்பொழுது தொடக்கத்தில் வலி தோன்றாது. 60 பாகைக்கும் 120 பாகைக்கும் இடையில் சுருக்கென்று வலிக்கும். அதனைக் கடந்தபின் குறையும். மருத்துவர் நோயாளியைக் கையைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பது இதனை அறிவதற்கே. புத்தகப் பையை எந்நாளும் ஒரே தோளில் மாட்டும் மாணவனுக்கும், குனிந்தபடி கைப்பேசியில் ஆழ்ந்திருப்பவனுக்கும் வருவது வேறு வகை நோவு. அது கழுத்துக்கும் தோளுக்கும் இடையிலுள்ள தசைகளின் அயர்வு. பையை இரு தோளிலும் மாட்டி நிமிர்ந்து நடந்தாலே பெரும்பாலும் தணிந்துவிடும்.

சடுகுடு ஆட்டத்தில் கை பற்றி இழுக்கப்படும்பொழுது பந்து குழியை விட்டு வெளியேறுவதும் உண்டு. அது பெரும்பாலும் முன்பக்கமாகவே நழுவும். அருகில் இருப்போர் இழுத்துச் சரிசெய்ய முற்படுவது தீங்கானது. நரம்பும் குருதிக்குழாயும் சிதையக்கூடும். கையை இருந்த நிலையிலேயே துணியால் தாங்கி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதே தக்கது.

தோள் நோய்களுள் விந்தையானது ஒன்று உண்டு. பிரெஞ்சு மருத்துவர் துய்ப்லே என்பார் 1872ஆம் ஆண்டிலேயே தோள் விறைத்துப்போகும் நோயை விவரித்தார். அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர் எர்னஸ்ட் அமரி காட்மன், 1934ஆம் ஆண்டில் 'தோள்' என்னும் பெயரிலேயே ஒரு பெருநூல் வெளியிட்டார். அதில் இவ்வகை நோய்க்கு 'உறைந்த தோள்' என்று பெயர் சூட்டினார். அப்பெயரே நிலைத்தது. இந்தக் காட்மன், மருத்துவம் முடிந்து சென்ற நோயாளி ஒவ்வொருவரும் பின்னர் நலமடைந்தாரா என்பதை மருத்துவமனை தொடர்ந்து கேட்டறிய வேண்டும் என்று வற்புறுத்தி, உடன் பணியாற்றியோரின் வெறுப்பைத் தேடிக்கொண்டவர். அக்கொள்கை இன்று எங்கும் ஏற்கப்பட்டுள்ளது. ஜப்பானியர் இந்நோயை 'ஐம்பது வயதுத் தோள்' என்று குறிப்பர். பொருத்தமான பெயரே; நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட வயதினருக்கே இது மிகுதியாக வருகிறது. ஆடவரினும் பெண்டிர்க்கும், நீரிழிவு இல்லாதாரினும் உள்ளார்க்கும் மிகுதி.

மூட்டைச் சுற்றி ஓர் உறை உண்டு. கை எப்பக்கமும் சுழல்வதற்கு ஏற்ப அது தளர்வாய்த் தொங்கும். உறைந்த தோளில் அவ்வுறை அழற்சியுற்றுத் தடித்து, நனைந்த தோல் வெயிலில் காய்ந்து சுருங்குவதுபோல் இறுகிவிடுகிறது. நோய் மெல்ல வரும். ஒரு தாய் மகளுக்குத் தலை வாரும்பொழுது கை உயர மறுக்கும். முதுகுப்பக்கம் கை செல்லாது. அலமாரியின் மேல்தட்டு எட்டாது. முதற்பகுதியில் வலியே மிகுதி. பிறகு வலி தணிந்து விறைப்பு மிகும். அதன்பின் சிறிது சிறிதாக இளக்கம் தோன்றும். இம்மூன்று நிலைகளும் கடக்க ஓராண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை செல்லும். வலிக்கு அஞ்சிக் கையை அறவே அசைக்காமல் வைத்திருப்பது இயற்கை. ஆனால் அசையாத மூட்டு மேலும் இறுகும். இறுகியது மேலும் வலிக்கும். இரவில் உறக்கமின்றி, பகலில் கைக்கு வேலையுமின்றி, அத்தாய் படும் துன்பத்தை வீட்டார் பலர் சோம்பல் என்று எண்ணிவிடுகின்றனர்.

தோளில் தோன்றும் வலியெல்லாம் தோளின் வலி ஆகிவிடாது. வயிற்றையும் மார்பையும் பிரிக்கும் உதரவிதானத்திற்குச் செல்லும் நரம்பும், தோளின் மேற்புறத் தோலுக்குச் செல்லும் நரம்பும் கழுத்தில் அண்டையிலிருந்தே புறப்படுகின்றன. ஆகவே பித்தப்பையில் அழற்சி கண்டவருக்கு வலத்தோள் வலிக்கக்கூடும். இதயத்திற்குக் குருதி குறைந்தவருக்கு இடத்தோளும் இடக்கையும், சிலவேளை தாடையும் வலிக்கும். கழுத்தெலும்புகளுக்கிடையே நரம்பு நெருக்குண்டாலும் வலி தோளைக் கடந்து விரல் வரை ஓடும். கையை அசைத்தால் மிகுவதும் ஓய்ந்தால் குறைவதும் தோள் மூட்டின் வலிக்கு அடையாளம். கையை எப்படி வைத்தாலும் மாறாத வலி, அதனுடன் மார்பில் இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றினால், தைலம் தடவிக்கொண்டிருத்தல் ஆகாது. உடனே 108 ஊர்தியை அழைத்து மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

இனி, வலி இரவில் மிகுவது ஏன் என்பதைக் காண்போர், கையின் எடையை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். கை ஒன்றின் எடை உடலெடையில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. 60 கிலோகிராம் எடையுள்ளவருக்குச் சுமார் 3 கிலோகிராம். பகலில் தசைகள் விழித்திருந்து அவ்வெடையை முறையாகத் தாங்குகின்றன. உறக்கத்தில் அவை தளர்ந்துவிடும். கை தனக்கு ஏற்ற இடத்தைத் தேடாமல் விழுந்த இடத்தில் கிடக்கும். நோயுற்ற பக்கமாகச் சரிந்து படுத்தால் மேலுடலின் பளு அவ்வொரு மூட்டின்மேல் அழுந்துகிறது. மல்லாந்து படுத்தாலோ முழங்கை பாயைத் தொடும்வரை கீழே தாழ்கிறது. மார்பின் மட்டத்திற்கு அது தாழ்ந்திருப்பதால் தோளின் முன்பக்கம் இரவெல்லாம் இழுபடுகிறது. கவிழ்ந்து படுப்பவர் கையைத் தலைக்குமேல் மடித்து வைப்பர். முன்னே கூறிய இடுக்கு அப்பொழுது மேலும் குறுகும். பகலில் வேலையிலும் பேச்சிலும் ஈடுபட்டிருந்த மனமும் இரவின் அமைதியில் வேறு பற்றுக்கோடின்றி வலியையே நோக்கத் தொடங்குகிறது.

ஆகவே, உறக்கத்தில் தசை செய்யாத வேலையைத் தலையணை செய்யவேண்டும். மல்லாந்து படுப்பவர், நோயுற்ற கையின் முழங்கையிலிருந்து மேற்கை வரை அடியில் மடித்த துண்டையோ மெல்லிய தலையணையையோ வைத்து, முழங்கையை மார்பின் மட்டத்திற்கு உயர்த்திக்கொள்ளலாம். உள்ளங்கை வயிற்றின்மேல் இருக்கட்டும். படுத்தபடியே பக்கத்தில் பார்த்தால் தன் முழங்கை கண்ணுக்குத் தெரியும் அளவு உயர்ந்திருப்பது போதுமானது. ஒருக்களித்தே உறங்கிப் பழகியவர், நலமான பக்கம் கீழே இருக்குமாறு படுத்து, மார்புக்கு முன்னே தடித்த தலையணை ஒன்றை அணைத்து, நோயுற்ற கையை அதன்மேல் கிடத்த வேண்டும். அத்தலையணை இல்லையேல் கை முன்புறமாகத் தொங்கி, தோளைத் தன்னுடன் இழுத்துச் செல்லும். இதற்கென விலை கொடுத்து எதுவும் வாங்க வேண்டியதில்லை. பழைய சேலை இரண்டைச் சுருட்டிக் கட்டினால் போதும்.

தலைக்கு வைக்கும் தலையணையும் எண்ணத்தக்கது. ஒருக்களித்துப் படுக்கும்பொழுது காதுக்கும் படுக்கைக்கும் இடையே தோளின் அகலத்தளவு இடைவெளி உண்டு. அதனை நிரப்பும் உயரம் தலையணைக்கு வேண்டும். நாட்பட்டு அமுங்கிய இலவம்பஞ்சுத் தலையணை தாழ்ந்துபோவதால், பலர் தம்மையறியாமல் கையை மடித்துத் தலைக்கு அடியில் வைத்துக்கொள்கின்றனர். வலிக்கும் கை அவ்வேலைக்கு உரியதன்று. கோரைப்பாயை வெறுந்தரையில் விரித்துப் படுப்பவர், தோள்படும் இடத்தில் போர்வையை மடித்து இட்டுக்கொள்வது நலம். படுத்தே உறங்க முடியாத அளவுக்கு வலி மிகுந்த நாள்களில், சாய்வு நாற்காலியிலோ முதுகுக்குப் பின் தலையணைகளை அடுக்கியோ சாய்ந்து உறங்குவது பலருக்கு உதவியுள்ளது. எழும்பொழுது நோயுற்ற கையை ஊன்றாமல், நலமான பக்கம் திரும்பி எழவேண்டும்.

இவையெல்லாம் வலியைத் தணிப்பவையேயன்றி நோயை நீக்குபவை அல்ல. பகலில் செய்யும் பயிற்சிக்கு நிகர் வேறில்லை. காட்மன் பெயரால் வழங்கும் ஊசற்பயிற்சி மிக எளியது. நலமான கையை மேசையில் ஊன்றி, இடுப்பை வளைத்துக் குனிந்து, நோயுற்ற கையைக் கிணற்றுக் கயிறு போலத் தளர்த்தித் தொங்கவிட்டு, உடலை மெல்ல அசைத்துக் கையைச் சிறு வட்டமாகச் சுழலவிட வேண்டும். கையைத் தூக்கும் பளுவின்றி மூட்டு அசைவது இதன் சிறப்பு. சுவரை நோக்கி நின்று, விரல்களைப் பல்லி போலச் சிறிது சிறிதாக மேலே ஏறச்செய்வது மற்றொன்று. அடிபட்டபின் தோன்றிய வலிக்கும், கையைத் தூக்கவே இயலாத நிலைக்கும், காய்ச்சலுடன் கூடிய வீக்கத்திற்கும், சில வாரங்களில் குறையாத வலிக்கும் மருத்துவரின் ஆய்வு முன்னும் பயிற்சி பின்னுமாக இருத்தல் வேண்டும்.

உறைந்த தோளில் முதலில் விலகுவது இரவின் வலி. விறைப்பு அதற்குப்பின் பல மாதங்கள் நிற்கும். நன்றாக உறங்கத் தொடங்கியவர், நோய் நீங்கிற்று என்று பயிற்சியைக் கைவிடுவதும் அப்பொழுதே. அதனால், பயிற்சி கற்பிப்போர் சிலர் சுவரில் விரல் எட்டிய உயரத்தைக் கரிக்கோடு ஒன்றால் குறிக்கச் சொல்வர். ஒரு வாரத்தில் கோடு விரற்கடை அளவே உயரலாம். சில வாரங்களில் அதுவும் உயராது. மகளின் உச்சந்தலையை எட்டும் உயரத்தில் கோடு விழுவதற்குள் சுவரில் கோடுகள் பல சேர்ந்துவிடும்.