எத்தனை மீட்டர் தள்ளி?

கிராமத்தின் ஓரத்தில் ஒரு பெட்ரோல் நிலையம் வரப்போகிறது என்ற செய்தி கிடைத்தால் ஊர் இரண்டுபடுவது வழக்கம். டிராக்டருக்கு டீசல் வாங்கப் பல கிலோமீட்டர் போய்த் திரும்புகிறவர்களும், பெட்டிக்கடையில் பாட்டிலில் ஊற்றி விற்கும் பெட்ரோலைக் கூடுதல் விலைக்கு வாங்குகிறவர்களும் வரட்டும் என்பார்கள். பள்ளிக்கூடத்துக்கு எதிரே டேங்கர் லாரி திரும்புமே, தொட்டி கசிந்தால் கிணற்றுத் தண்ணீர் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் வேண்டாம் என்பார்கள். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. இந்த அச்சங்களை அளந்து பார்க்க முடியும் என்பதால் இப்படிப்பட்ட சச்சரவுக்கு ஒரு முடிவும் கிடைக்கும்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது மேலே எழும்பிக் கலையாமல் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும், தொலைவில் இருக்கும் நெருப்பையும் தொட்டுவிடும். லாரியிலிருந்து நிலத்தடித் தொட்டிக்கு எரிபொருள் இறங்கும்போது, தொட்டிக்குள் இருந்த ஆவி குழாய் வழியே வெளியே தள்ளப்படுகிறது. அதில் உள்ள பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதி செய்யப்பட்டது. கசிவு இன்னும் சிக்கலானது, ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியாமல் ஆண்டுக்கணக்கில் நடக்கலாம். அமெரிக்காவில் 1984இல் நிலத்தடித் தொட்டிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தபின் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கசிவுகள் உறுதி செய்யப்பட்டிருக்கின்றன. கலிபோர்னியாவின் சாண்டா மோனிகா நகரம், பெட்ரோலில் கலக்கப்பட்ட ஒரு வேதிப்பொருள் நிலத்தடி நீரில் இறங்கியதால் 1996இல் தன் குடிநீர்க் கிணறுகளில் பலவற்றை மூட நேர்ந்தது.

இந்தியாவில் பெட்ரோல் நிலையம் அமைக்க 2002ஆம் ஆண்டின் பெட்ரோலிய விதிகளின்படி மாவட்ட நிர்வாகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். ஊர் மக்களின் ஆட்சேபம் வந்து சேரும் இடம் பெரும்பாலும் அதுதான். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணையைத் தொடர்ந்து மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரியில் ஓர் எல்லை வகுத்தது. அதன்படி பள்ளி, பத்துப் படுக்கைக்குக் குறையாத மருத்துவமனை, குடியிருப்புப் பகுதி ஆகியவற்றிலிருந்து புதிய நிலையம் 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இடமில்லாவிட்டால் கூடுதல் பாதுகாப்பு ஏற்பாடுகளோடு அனுமதிக்கலாம், ஆனால் எந்த நிலையிலும் 30 மீட்டருக்குக் குறையக் கூடாது. மறுபக்கம், 2019இல் எரிபொருள் விற்பனையில் புதிய நிறுவனங்களுக்குக் கதவு திறந்த அரசு, அவை ஐந்தாண்டுக்குள் 5 விழுக்காட்டு நிலையங்களைத் தொலைதூரப் பகுதிகளில் அமைக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. எண்ணெயைப் பொறுத்தவரை தூரம் நல்ல மருந்து. மீட்டர் கூடக் கூட ஆபத்து குறைகிறது.

சிங்கப்பூரில் பெட்ரோல் நிலையத்தைப் பற்றி அக்கம்பக்கத்தார் சண்டையிடுவது அரிது. நிலத்தின் பெரும்பகுதி அரசுடையது. எங்கே வீடு, எங்கே கடை, எங்கே தொழிற்சாலை என்பதை நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பெருந்திட்டம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. ஆனால் அதே வகைச் சச்சரவு வேறு கட்டடங்களைச் சுற்றி எழுந்திருக்கிறது. அவற்றில் மிகவும் பேசப்பட்டது 2008இல் சிராங்கூன் கார்டன்ஸில் நடந்தது.

தேக்காவில் தொடங்கும் சிராங்கூன் ரோடு வடகிழக்கே போய் அப்பர் சிராங்கூன் ரோடு ஆகிறது. அங்கிருந்து இடப்பக்கம் விலகினால் வருவது, 1950களில் உருவான இந்தத் தரைவீட்டுப் பேட்டை. சாம்ப் சாம்ப் உணவு நிலையத்தால் ஊரெங்கும் பெயர் பெற்றது. பேட்டையின் பர்லி டிரைவில் மூடிக் கிடந்த பழைய தொழில்நுட்பப் பள்ளியை ஏறத்தாழ 1,000 வெளிநாட்டு ஊழியர்கள் தங்கும் விடுதியாக மாற்ற அரசு ஆலோசிப்பது 2008 ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் தெரியவந்தது. கட்டுமானம் மும்முரமாக நடந்த காலம் அது. ஊழியர்களுக்குப் படுக்கை போதவில்லை.

ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டார்கள். குறுகலான சாலைகளில் நெரிசல் கூடும் என்பது ஒரு காரணம். அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அதோடு திருட்டு பெருகும், பிள்ளைகளும் முதியோரும் வெளியே நடமாட முடியாது, குப்பை சேரும், வீட்டு விலை விழும் என்ற பேச்சும் சேர்ந்தது. அந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஜார்ஜ் இயோவும் லிம் ஹுவீ ஹுவாவும் குடியிருப்பாளர்களைச் சந்தித்துப் பேசினார்கள். நாளிதழ்களுக்கு வந்த கடிதங்களில் பேட்டைக்காரர்களைக் கண்டித்தவையும் ஏராளம். வீட்டைக் கட்டித்தந்தவர்கள் பக்கத்தில் வசிக்கக் கூடாதா என்பதே அவற்றின் கேள்வி. தமிழர்களுக்கு அந்தக் கேள்வி கூடுதலாக உறைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவுக்கு வந்து ஊருக்குப் பணம் அனுப்பி, மளிகை வாங்கி, ஊர்க்காரர்களைக் கண்டு பேசித் திரும்பும் மனிதர்களில் பலர் புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள்.

அக்டோபர் தொடக்கத்தில் அரசு முடிவை அறிவித்தது. விடுதி வரும், ஆனால் சிறிய அளவில், 600 பேருக்கு மட்டும். பேட்டைக்குள் போகாமல் அங் மோ கியோ அவென்யூ 1 பக்கம் திறக்கும் தனிச் சாலை போடப்படும். வீடுகளுக்கும் விடுதிக்கும் இடையே இடைவெளி இருக்கும். சாலை நெரிசல் என்ற உண்மையான குறைக்கு இது உண்மையான பதில். ஆனால் மற்ற அச்சங்களுக்கும் இதே பதில்தான் தரப்பட்டது. எண்ணிக்கையைக் குறை, வாசலைத் திருப்பு, தள்ளி வை. பெட்ரோல் தொட்டிக்குப் போடும் கணக்கு மனிதர்களுக்கும் போடப்பட்டது. விடுதி திறந்தபின் பேட்டை அஞ்சியது எதுவும் பெரிதாக நடக்கவில்லை.

2012இல் எதிர்ப்பு முதியோர் பக்கம் திரும்பியது. உட்லண்ட்ஸ் ஸ்திரீட் 83இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்கின் கீழ்த்தளத்தில் முதியோர் பகல்நேரப் பராமரிப்பு நிலையம் வருவதைச் சிலர் எதிர்த்தனர். டோ யீயில் முதியோருக்கான ஸ்டூடியோ வீடுகளுக்கும், பீஷானில் தாதிமை இல்லத்துக்கும் ஆட்சேபம் எழுந்தது. விளையாட்டுத் திடல் போகிறதே, காற்றும் வெளிச்சமும் மறைகிறதே என்ற குறைகளைக் கேட்டாக வேண்டும். வாசலில் நோயாளிகளைப் பார்க்க வேண்டியிருக்குமே என்ற குறையை ஏற்பதற்கில்லை.

குடியிருப்பாளர்கள் பக்கம் முழு நியாயம் இருந்த வழக்கும் ஒன்று உண்டு. செங்காங்கின் ஃபெர்ன்வேல் லீயில் வீவக வீடு வாங்கியவர்களிடம் அருகே சீனக் கோயில் வரும் என்று சொல்லப்பட்டிருந்தது. அந்த நிலத்தின் ஏலத்தில் ஈமச்சடங்குத் தொழிலைச் சேர்ந்த ஒரு தனியார் நிறுவனம் வென்றதும், அங்கே வணிக நோக்கில் அஸ்தி மாடம் அமையக்கூடும் என்பதும் 2014இன் கடைசியில் தெரியவந்தது. வாங்கியவர்கள் கொதித்தெழுந்தார்கள். 2015 ஜனவரியில் தேசிய வளர்ச்சி அமைச்சர் கோ பூன் வான் நாடாளுமன்றத்தில் பேசும்போது, அந்த இடம் கோயிலுக்கானது, வணிக அஸ்தி மாடம் வராது என்று தெளிவுபடுத்தினார். சமய நோக்கத்துக்கு ஒதுக்கிய நிலத்துக்கு லாப நோக்குள்ள நிறுவனம் ஏலம் கேட்க முடிந்ததே என்ற கேள்விக்கு நிர்வாகம்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது, பக்கத்து வீட்டுக்காரர் அல்ல.

ஊழியர் விடுதிகளின் கதை சிராங்கூன் கார்டன்ஸோடு முடியவில்லை. குடியிருப்புப் பேட்டைகளில் இடம் தேடுவதைவிடத் துவாஸ், மண்டாய், சுங்கை காடுட், பொங்கோல் போன்ற விளிம்புகளில் பெரிய விடுதிகள் கட்டுவது எளிதாகப் பட்டது. 2013 டிசம்பர் 8 அன்று ரேஸ் கோர்ஸ் ரோட்டில் ஒரு ஊழியர் பேருந்தில் அடிபட்டு இறந்ததையடுத்து மூண்ட கலவரத்துக்குப் பின் இந்தப் போக்கு வலுத்தது. தேக்கா வட்டாரத்தில் வார இறுதியில் பொது இடத்தில் மது அருந்தத் தடை வந்தது. விடுதிகளுக்குள்ளேயே கடையும் பொழுதுபோக்கும் இருந்தால் ஊழியர்கள் நகருக்குள் வரத் தேவையிருக்காது என்று எண்ணப்பட்டது.

தள்ளி வைத்ததன் விலை 2020இல் தெரிந்தது. ஏறத்தாழ 323,000 பேர் விடுதிகளில் இருந்தார்கள். ஓர் அறையில் 12 முதல் 20 பேர் வரை, கழிவறையும் சமையலறையும் பொது. ஏப்ரலில் கொவிட்-19 அங்கே பாய்ந்து பரவியது. பொங்கோலின் எஸ்11 விடுதி மிகப் பெரிய தொற்றுக் குழுமமானது. ஆண்டு முடிவில் அரசு வெளியிட்ட கணக்கின்படி விடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினர் தொற்றுக்கு ஆளாகியிருந்தனர். ஊழியர்கள் மாதக்கணக்கில் அறைக்குள் அடைபட்டார்கள். அதன் பிறகும் கட்டுப்பாடு நீண்டது. 2022 ஜூனில்கூட ஞாயிறன்றும் பொது விடுமுறையிலும் தேக்காவுக்கு வர அவர்களுக்குத் தனி அனுமதி தேவைப்பட்டது. எரிபொருள் ஆவி போதிய தூரத்தில் கலைந்துவிடும். மனிதர்களை ஓரிடத்தில் நெருக்கி ஊரிலிருந்து விலக்கி வைத்தபோது ஆபத்து குறையவில்லை, பெருகியது.

2021 செப்டம்பரில் புதிய விடுதிகளுக்கான தர நிலைகள் மாற்றப்பட்டன. ஓர் அறையில் 12 பேருக்கு மேல் கூடாது, ஒருவருக்குக் குறைந்தது 4.2 சதுர மீட்டர் இடம், அறையோடு இணைந்த கழிவறை என்பவை அவற்றில் முக்கியமானவை. இரு விடுதிகளைத் தானே கட்டுவதாகவும் மனிதவள அமைச்சு பின்னர் அறிவித்தது. துக்காங்கில் 2,400 படுக்கைகள், செங்காங் வெஸ்டில் 7,200 படுக்கைகள். செங்காங் இளங்குடும்பங்கள் நிறைந்த நகரம். 7,200 பேருக்கான பேருந்து எந்தச் சாலையில் ஓடும், அருகிலுள்ள கடைகளும் மருந்தகமும் அவர்களுக்கும் போதுமா, வேலை முடிந்த மாலையில் உட்காரவும் விளையாடவும் எந்தத் திடல் என்பவை கட்டடம் எழும்பும் முன்பே இரு தரப்பினரையும் ஒரே மேசையில் வைத்துப் பேச வேண்டிய விஷயங்கள். சிராங்கூன் கார்டன்ஸில் 2008இல் நடந்த கூட்டங்களில் ஒரு தரப்புதான் உட்கார்ந்திருந்தது.