அட்டையின் பின்புறம்: பண்டிகை வாழ்த்தும் காட்டுயிர்ப் படமும்

பயணங்களில் எடுத்த ஒளிப்படங்களையும் காட்டுயிர்ப் படங்களையும், நூறாண்டுக்கு முன் பண்டிகைக் காலத்தில் அஞ்சலில் வந்த வாழ்த்து அட்டைகளோடு அடுத்தடுத்து வைத்துப் பிறருக்குக் காட்டுவது மேலை நாடுகளின் சேகரிப்பாளர்கள் சிலருக்குப் பிடித்தமான வழக்கமாக இருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் இவை தொடர்பற்ற இரு பொருள்கள்: ஒன்று கற்பனையாக வரையப்பட்டு அச்சேறிய கடைச்சரக்கு, மற்றொன்று கண்முன் இருந்த விலங்கையோ நிலத்தையோ கேமரா பதிவுசெய்த சான்று. ஆயினும் இரண்டின் வரலாற்றையும் சேர்த்துப் படிக்கும்போது, 1840க்கும் 1910க்கும் இடைப்பட்ட எழுபது ஆண்டுகளில் மலிவான அஞ்சல், மலிவான வண்ண அச்சு, கையில் எடுத்துச் செல்லத்தக்க கேமரா ஆகிய மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வந்ததால்தான் இரண்டுமே மக்களிடம் பரவின என்பது தெரியவருகிறது. அத்துடன், இன்றைய ஒளிப்படம் பழைய அட்டையிடமிருந்து கற்கவேண்டிய ஒழுங்கு ஒன்று அதன் பின்புறத்தில் இருப்பதும் விளங்குகிறது.

வாழ்த்து அச்சேறிய வரலாறு

பிரிட்டனில் 1840ஆம் ஆண்டுவரை கடிதத்தின் கட்டணம் தொலைவைப் பொறுத்து மாறியது. பெரும்பாலும் அதைப் பெறுபவரே செலுத்தினார். ரோலண்ட் ஹில் முன்வைத்த சீர்திருத்தம் இம்முறையை மாற்றி, அரை அவுன்சு எடையுள்ள கடிதத்தை நாட்டின் எந்த மூலைக்கும் ஒரு பென்னிக்கு அனுப்பலாம் என்று ஆக்கியது. அச்சீர்திருத்தத்துக்குத் துணைநின்ற அரசு அலுவலரான ஹென்றி கோல், 1843ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்குத் தம் நண்பர்களுக்குத் தனித்தனியே கடிதம் எழுதுவதற்கு மாற்றாக, ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரைக்கொண்டு ஓர் அட்டையை வரையச் செய்தார். விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையாக அதுவே கருதப்படுகிறது. நடுவில் ஒரு குடும்பம் மது அருந்தி வாழ்த்துவதும், இரு பக்கங்களிலும் ஏழைகளுக்கு உணவும் உடையும் வழங்கப்படுவதுமாக அமைந்த அந்தப் படத்தில் சிறு குழந்தையும் மதுக்கோப்பையைச் சுவைப்பதுபோல் காட்டப்பட்டதால், மதுவிலக்கு இயக்கத்தார் அதைக் கண்டித்தனர். கல்லச்சில் அச்சிட்டுக் கையால் வண்ணம் தீட்டப்பட்ட அந்த அட்டை ஒன்றின் விலை ஒரு ஷில்லிங், அதாவது பன்னிரண்டு கடிதங்களுக்கான அஞ்சல் கட்டணம். ஆகவே அது எளிய மக்களின் கைக்கு எட்டும் பொருளாக அப்போது இருக்கவில்லை.

விலையைக் குறைத்தது அச்சுத்தொழில். எண்ணெய்ப்பசையும் நீரும் ஒட்டாது என்ற இயல்பைப் பயன்படுத்தி, சமதளமான கல்லின்மீது வரைந்து அதிலிருந்து படி எடுப்பது கல்லச்சு. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல்லைக்கொண்டு ஒரே தாளில் அடுத்தடுத்து அச்சிடுவது வண்ணக் கல்லச்சு. இம்முறையில் தேர்ந்தவரும் ஜெர்மானிய மொழி பேசிய பிரெஸ்லாவ் நகரில் பிறந்து பாஸ்டனில் அச்சகம் நடத்தியவருமான லூயி பிராங், 1875ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் அட்டைகளை விற்றார். லண்டனில் ரஃபேல் டக் நிறுவனம் 1871 முதல் இத்தொழிலில் இறங்கியிருந்தது. உறையில்லாத அஞ்சல் அட்டையை 1869 அக்டோபர் 1 அன்று ஆஸ்திரிய–ஹங்கேரியப் பேரரசும், அடுத்த ஆண்டு அதே நாளில் பிரிட்டனும் அறிமுகப்படுத்தின. பிரிட்டனில் அதற்குக் கட்டணம் அரைப் பென்னி. அச்சின் விலையும் அஞ்சலின் விலையும் இவ்வாறு ஒருசேர இறங்கியதால், வாழ்த்து அனுப்புவது நடுத்தர வீடுகளின் ஆண்டுக் கடமையாயிற்று.

அட்டையில் பறவை, தோட்டத்தில் பறவை

இந்த அட்டைகளில் தொடக்கத்திலிருந்தே இடம்பிடித்த உயிரினம் ராபின். சிட்டுக்குருவியின் அளவில், செம்மஞ்சள் மார்புடன் இருக்கும் இப்பறவை கிறிஸ்துமஸுக்கு உரியதானதற்கு இரண்டு காரணங்கள் கூறப்படுகின்றன. பிரிட்டனின் அஞ்சல்காரர்கள் 1861 வரை சிவப்பு மேலங்கி அணிந்ததால் அவர்களுக்கே ராபின் என்ற பட்டப்பெயர் வழங்கியது. அதனால் அலகில் கடிதத்தைக் கவ்விக்கொண்டு வரும் ராபினை ஓவியர்கள் வரைந்தனர். மற்றொரு காரணம் இயற்கையைச் சார்ந்தது: பெரும்பாலான பறவைகள் அடங்கியிருக்கும் குளிர்காலத்திலும் ராபின் பாடுகிறது, மண்ணைக் கிளறும் தோட்டக்காரருக்கு மிக அருகில் வந்து புழுவைக் கொத்துகிறது, எனவே டிசம்பர் மாதத்தில் மக்கள் கண்ணில் படும் பறவையாக அது இருந்தது.

அட்டையில் அது சாந்தமான பறவை. இயற்கையில் அவ்வாறில்லை. டேவிட் லாக் என்ற பறவையியலாளர் தம் பல்லாண்டு ஆய்வின் விளைவாக 1943இல் வெளியிட்ட நூல், குளிர்காலத்தில் ஆண், பெண் இரண்டும் தனித்தனி எல்லை வகுத்துக்கொண்டு அதைப் பாட்டாலும் சண்டையாலும் காக்கின்றன என்பதையும், எல்லைக்குள் வைக்கப்பட்ட சிவப்பு இறகுக் கொத்தைக்கூடப் பகைப்பறவை என்று கருதி அவை மிரட்டுகின்றன என்பதையும் காட்டியது. அட்டையில் வாழ்த்தாகத் தோன்றும் பாட்டு, காட்டில் எச்சரிக்கை. அட்டையையும் களத்தில் எடுத்த படத்தையும் பக்கத்தில் வைக்கும்போது கிடைக்கும் முதற்பயன் இத்தகைய திருத்தமே: மனிதர் எதைக் காண விரும்பினர் என்பதை அட்டை சொல்ல, என்ன இருந்தது என்பதைப் படம் சொல்கிறது. வட துருவத்தில் மட்டும் வாழும் பனிக்கரடியும் தென்பகுதிக் கடல்களுக்குரிய பென்குயினும் ஒரே பனித்திட்டில் வாழ்த்துச் சொல்வதையும் இவ்வகையில் சேர்க்கலாம். மாறாக, அட்டைகளில் கிறிஸ்துமஸ் தாத்தாவின் வண்டியை இழுக்கும் துருவ மான்களின் கொம்பில் தற்செயலான ஓர் உண்மை இருக்கிறது. மானினங்களில் பெண்ணுக்கும் கொம்பு முளைப்பது இவ்வினத்தில்தான் இயல்பு, முதிர்ந்த ஆண்கள் குளிர்காலத் தொடக்கத்தில் கொம்பை உதிர்த்துவிட, பெண்களே வசந்தம்வரை அதை வைத்திருக்கின்றன.

பறவைகளைக் காக்கும் நோக்கத்துக்கும் அட்டை பயன்பட்டது. பெண்களின் தொப்பிகளை அலங்கரிக்க இறகுகளுக்காகப் பறவைகள் கொல்லப்படுவதை எதிர்த்து 1889இல் பிரிட்டனில் தொடங்கிய பறவைகள் பாதுகாப்புச் சங்கம் வெளியிட்ட கிறிஸ்துமஸ் அட்டைகளுக்கு, அக்காலத்தின் சிறந்த பறவை ஓவியரான ஆர்ச்சிபால்ட் தோர்பர்ன் பல ஆண்டுகள் படம் வரைந்து கொடுத்தார்.

பயணியின் படமே அட்டையாதல்

தனியார் அச்சிட்ட பட அட்டைகளை அஞ்சல்தலை ஒட்டி அனுப்ப 1894இல் பிரிட்டனும், 1898இல் அமெரிக்காவும் இசைவளித்த பின்னர், ஊர்க்காட்சிகளைத் தாங்கிய அட்டைகள் பெருகின. தொடக்கத்தில் பின்புறம் முழுவதும் முகவரிக்கே ஒதுக்கப்பட்டிருந்ததால், செய்தியைப் படத்தின் ஓரத்திலேயே நெருக்கி எழுத வேண்டியிருந்தது. பின்புறத்தை நடுக்கோட்டால் பிரித்து ஒரு பாதியில் செய்தி எழுதும் முறைக்கு 1902இல் பிரிட்டனும் 1907இல் அமெரிக்காவும் அனுமதி தந்தன. இதனால், அஞ்சல் முத்திரை அழிந்துபோன அட்டையின் காலத்தைக்கூட, நடுக்கோடு உள்ளதா இல்லையா என்பதைக்கொண்டு சேகரிப்பாளர் ஓரளவு கணிக்க முடிகிறது.

1903இல் கோடக் நிறுவனம் வெளியிட்ட 3ஏ வகை மடிப்புக் கேமரா, அஞ்சல் அட்டையின் அளவிலேயே நெகட்டிவ் தந்தது. அதிலிருந்து, பின்புறத்தில் முகவரிக்கோடு அச்சிட்ட ஒளிப்படத் தாளில் நேரடியாகப் படி எடுத்து, பயணி தாம் எடுத்த படத்தையே பண்டிகை வாழ்த்தாக அனுப்ப முடிந்தது. இவற்றை அசல் ஒளிப்பட அட்டைகள் என்று சேகரிப்பாளர் வகைப்படுத்துகின்றனர். அச்சிட்ட அட்டையை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் படம் நுண்புள்ளிகளாகப் பிரியும். அசல் ஒளிப்படத்தில் நிழலும் ஒளியும் இடைவெளியின்றித் தொடரும். பயணப் படமும் வாழ்த்து அட்டையும் ஒரே பொருளாக இருந்த காலம் அது. கிழக்கு நோக்கிச் சென்ற கப்பல்கள் நின்ற கொழும்புத் துறைமுகத்தில், 1890இல் தொடங்கிய பிளாட்டே நிறுவனம் இலங்கையின் யானைகளையும் மலைத்தோட்டங்களையும் அட்டைகளாக விற்றது. தமிழகத்தில் காளையும் கரும்பும் பொங்கல் வாழ்த்து அட்டைகளில் இடம்பெற்றது இவ்வழக்கத்தின் பிற்காலத் தொடர்ச்சி.

காட்டுக்குள் சென்ற கேமரா

இதே காலத்தில் காட்டுயிர் ஒளிப்படமும் பிறந்தது. யார்க்‌ஷயரைச் சேர்ந்த ரிச்சர்ட் கியர்டன், செரி கியர்டன் சகோதரர்கள் 1892இல் முட்டைகளுடன் கூடிய பறவைக் கூட்டைப் படமெடுத்து, 1895இல் முழுவதும் ஒளிப்படங்களாலான பறவைக்கூட்டு நூலை வெளியிட்டனர். பறவை அஞ்சாமல் நெருங்க வேண்டும் என்பதற்காக, மாட்டுத்தோலைச் சட்டத்தின்மீது போர்த்தி, அந்தப் பொய்மாட்டின் வயிற்றுக்குள் ஒளிந்து படமெடுத்தனர். அமெரிக்காவில் வேட்டைக்காரராயிருந்து ஒளிப்படத்துக்கு மாறிய ஜார்ஜ் ஷைராஸ், இரவில் படகிலிருந்து வெடிப்பொடியின் ஒளியில் மான்களைப் படமெடுத்தார். அவருடைய 74 படங்களை நேஷனல் ஜியாகிரஃபிக் இதழ் 1906 ஜூலையில் வெளியிட்டது. இந்தியாவில் வனத்துறை அலுவலரான எஃப். டபிள்யூ. சாம்பியன், காட்டுப்பாதையின் குறுக்கே கம்பி கட்டி, அதில் கால்படும் புலி தன்னைத்தானே படமெடுத்துக்கொள்ளும் முறையைக் கையாண்டு 1927இல் நூல் வெளியிட்டார்; இன்று புலிகளைக் கணக்கிட உதவும் தானியங்கிக் கேமராக்களின் முன்னோடி அது.

தமிழரிடையே இத்துறைக்கு மா. கிருஷ்ணன் முதன்மையானவர். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான அவர், பல பாகங்களைத் தாமே ஒன்றிணைத்து அமைத்த கேமராவால் யானைகளையும் பிற விலங்குகளையும் கறுப்பு–வெள்ளையில் பதிவுசெய்ததோடு, 1950 முதல் 1996இல் மறையும்வரை ஸ்டேட்ஸ்மேன் நாளிதழில் இயற்கைப் பத்தியும் எழுதினார். விலங்கின் நடத்தையை விளக்கும் எழுத்தும் படமும் அவரிடம் பிரிக்க முடியாதபடி ஒன்றையொன்று சார்ந்திருந்தன.

பக்கத்தில் வைப்பதன் பயன்

நாளும் இடமும் குறித்த பழைய படம், எடுத்தவர் எண்ணியிராத ஆய்வுக்கும் உதவும். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தைச் சேர்ந்த கீ வெஸ்ட் தீவில், விடுமுறைக்கு வந்தவர்கள் படகில் சென்று பிடித்த மீன்களைத் துறையில் தொங்கவிட்டு அதனருகே நின்று படமெடுத்துக்கொள்வது வழக்கம். 1956 முதல் 2007 வரை எடுக்கப்பட்ட இந்த நினைவுப்படங்களை வரிசைப்படுத்தி அளந்த லோரன் மெக்லெனகன் என்ற ஆய்வாளர், பிடிபட்ட மீனின் சராசரி எடை ஏறத்தாழ 19.9 கிலோவிலிருந்து 2.3 கிலோவாகக் குறைந்ததை 2009இல் வெளியிட்டார். பிற்காலப் படங்களிலும் பயணிகளின் முகத்தில் அதே மகிழ்ச்சி இருக்கிறது. முந்தைய தலைமுறை பிடித்தது எவ்வளவு பெரிது என்பதை அவர்கள் அறியாததே காரணம். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் வெற்றியின் படம். வரிசையாக வைத்தபோதுதான் இழப்பு வெளிப்பட்டது. அவ்வரிசையைச் சாத்தியமாக்கியது அழகோ தெளிவோ அன்று, எடுத்த இடமும் காலமும் தெரிந்திருந்ததே.

எல்லாப் படத்தையும் அப்படியே நம்பவும் முடியாது. 1900களின் தொடக்கத்தில் கான்சஸ் மாநிலத்தின் வில்லியம் எச். மார்ட்டின், படங்களை வெட்டி ஒட்டி, வண்டியளவு சோளக்கதிரையும் மனிதனை மிஞ்சும் வாத்தையும் அட்டைகளாக்கி விற்றார். அவை வேடிக்கை என்பது வாங்கியவருக்குத் தெரியும். நேஷனல் ஜியாகிரஃபிக் 1982 பிப்ரவரி இதழின் அட்டைக்காக எகிப்தின் பிரமிடுகளைக் கணினியால் நெருக்கி வைத்தது கண்டனத்துக்கு உள்ளானதற்கும், 2009இல் காட்டுயிர் ஒளிப்படப் போட்டியொன்றில் முதற்பரிசு பெற்ற படத்திலிருந்த ஓநாய் பழக்கப்பட்ட விலங்காக இருக்கக்கூடும் என்று நடுவர்கள் முடிவுசெய்து பரிசைத் திரும்பப் பெற்றதற்கும் காரணம், பார்ப்பவரிடம் எதுவும் சொல்லப்படாமையே.

பகிர்வோர் கைக்கொள்ள வேண்டியவை

இதிலிருந்து பகிர்வுக்கான நெறி ஒன்று கிடைக்கிறது. பழைய அட்டையைக் காட்டுவோர் முன்புறத்தை மட்டுமன்றிப் பின்புறத்தையும் படியெடுக்க வேண்டும். அஞ்சல்தலை, முத்திரை, அச்சகப் பெயர், தாளின் குறி ஆகியவை அங்கேதான் இருக்கின்றன. அங்குள்ள தனிமனிதரின் முகவரியையும் குடும்பச் செய்தியையும், வாரிசுகள் இன்னும் வாழக்கூடும் என்பதால், பொதுவில் காட்டும்போது மறைப்பது முறை. உரிமையையும் கருத வேண்டும். இந்தியச் சட்டப்படி ஒளிப்படத்தின் காப்புரிமை, அதை எடுத்தவர் இறந்த ஆண்டுக்குப் பின் அறுபது ஆண்டுகள் நீடிக்கிறது.

காட்டுயிர்ப் படத்துக்கு, எடுத்த நாள், உயிரினத்தின் பெயர், அது கட்டற்றதா வளர்க்கப்பட்டதா, இரை வைத்து அழைக்கப்பட்டதா, படத்தில் செய்யப்பட்ட மாற்றம் ஆகியவை உடன் வரவேண்டும். இடத்தைப் பொறுத்தவரை மட்டும் அட்டையின் வழக்கத்திலிருந்து விலகியாக வேண்டும். கைபேசியும் சில கேமராக்களும் படக்கோப்புக்குள் அட்சரேகை, தீர்க்கரேகையைப் பதித்துவிடுவதால், காண்டாமிருகம் நிற்கும் புதரும் அரிய பறவையின் கூடும் வேட்டையாடுவோருக்கும் கூட்டமாகத் திரளும் படமெடுப்போருக்கும் வெளிப்பட்டுவிடும். உயிரினப் பதிவுகளைத் திரட்டும் ஐநேச்சுரலிஸ்ட், அழியும் நிலையிலுள்ள இனங்களின் இடத்தை, பக்கத்துக்கு 0.2 பாகை கொண்ட சதுரத்துக்குள், அதாவது நிலநடுக்கோட்டருகே ஏறத்தாழ 22 கிலோமீட்டர் பக்கமுள்ள பரப்புக்குள், மறைத்தே காட்டுகிறது. தனிப்பட்ட பகிர்வுக்கும் இதுவே பொருந்தும் வழி: துல்லியமான இடத்தைத் தம் குறிப்பில் எழுதி வைத்து, ஆய்வாளருக்கும் வனத்துறைக்கும் தேவைப்படும்போது அளித்து, பொதுமக்களுக்கு மாவட்டத்தையோ மலைத்தொடரையோ மட்டும் சொல்வது.