‘நான் யார்’ என்ற வினாத்தாள்

ஒரு சமூகத்தாரிடம் கண்டறிந்ததை மனித குலம் முழுவதற்கும் பொதுவான இயல்பாகக் கொண்டு, அந்த அளவுகோலாலேயே பிறரையும் அளந்து குறை காண்பதே உளவியல் ஆய்வில் பண்பாட்டுச் சாய்வு எனப்படுகிறது. அமெரிக்க உளவியல் கழகத்தின் முன்னணி இதழ்கள் சிலவற்றை ஆராய்ந்த ஜெஃப்ரி ஆர்னெட், அவற்றில் ஆய்வுக்கு உட்பட்டோரில் 96 விழுக்காட்டினர் மேற்கத்தியத் தொழில்மய நாட்டினர் என்று 2008இல் எடுத்துக்காட்டினார்; அந்நாடுகளில் வாழ்வோரோ உலக மக்களில் ஏறக்குறைய 12 விழுக்காட்டினரே.

இச்சாய்வைத் திருவண்ணாமலை மலையடிவாரத்தில் வைத்தே விளக்கலாம். மான்ஃபோர்டு கூன், தாமஸ் மெக்பார்ட்லண்ட் ஆகியோர் 1954இல் வெளியிட்ட சோதனை, ‘நான் யார்?’ என்ற ஒரே கேள்விக்கு இருபது விடைகள் எழுதச் சொல்லி, மாணவன், கணவன் போன்ற சமூக அடையாளங்களை ஒரு வகையாகவும், மகிழ்ச்சியானவன் போன்ற தன்னியல்புகளை மற்றொரு வகையாகவும் எண்ணுகிறது. அதே கேள்வியை 1902 வாக்கில் தம் அடியவர் சிவப்பிரகாசம் பிள்ளைக்கு ரமண மகரிஷி இம்மலையில் விளக்கியபோது, அது இந்த அடையாளங்கள் அனைத்தையும் ‘நான் அல்ல’ என்று விலக்கும் வழியாக இருந்தது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் அமைந்த அடி அண்ணாமலையில் ஒரு சாதுவிடம் அந்தத் தாளை நீட்டி, அவர் ஒன்றும் எழுதாமல் திருப்பித் தந்தால், ஆய்வாளரின் பட்டியலில் அது பூஜ்யமாகவே விழும். அந்தப் பூஜ்யம் சாதுவின் குறையா, கேள்வியின் குறையா என்று எழுதப் பட்டியலில் கட்டம் இல்லை.

நோயும் பண்பாட்டுக்கு வெளியே நிற்பதில்லை. சென்னை ஸ்கிசோஃப்ரினியா ஆராய்ச்சி நிறுவனத்தின் (ஸ்கார்ஃப்) மருத்துவர் பத்மாவதி உள்ளிட்டோருடன் மானுடவியலாளர் தான்யா லூர்மன் 2015இல் வெளியிட்ட ஆய்வில், காதில் குரல் கேட்கும் மனநோயர்களிடம் சென்னை, அமெரிக்காவின் சான் மேட்டியோ, கானாவின் அக்ரா ஆகிய இடங்களில் தலா 20 பேர் வீதம் பேட்டி காணப்பட்டது. அமெரிக்கர்களுக்குப் பெரும்பாலும் வன்முறையைத் தூண்டும் அந்நியக் குரல்கள் கேட்டன; சென்னையிலோ பலருக்குக் கேட்டவை வேலை ஏவுகிற, அறிவுரை கூறுகிற, கண்டிக்கிற உறவினர் குரல்கள். அமெரிக்க அனுபவத்தை மட்டும் இலக்கணமாகக் கொண்ட வினாப்பட்டியல் இந்த வேறுபாட்டைத் தவறவிட்டிருக்கும்.

பண்பாட்டு வேறுபாட்டையே மனநோய் என்று முத்திரை குத்துவதற்கு எதிராகச் சட்டப் பாதுகாப்பு உண்டு. 2017ஆம் ஆண்டின் மனநல மருத்துவப் பராமரிப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, ஒருவர் தம் சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு, சமய நம்பிக்கைகளுக்கு ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து அவருக்கு மனநோய் என்று முடிவு செய்யக் கூடாது என்கிறது. நோயின் தன்மையையும் சிகிச்சையையும் பற்றிய விளக்கத்தை, நோயாளிக்குப் புரியும் மொழியில் பெறும் உரிமையை 22ஆம் பிரிவு தருகிறது. மனநோயரை ஆய்வுக்காகப் பேட்டி காண்பதற்குக்கூட, முழு விவரம் அறிந்து தாமாகத் தரும் ஒப்புதல் தேவை என்பது 99ஆம் பிரிவு. இதே விழிப்போடு, குழந்தைக்கு நுண்ணறிவுச் சோதனை நடத்தப்படும்போது, அது எந்த மொழியில், எந்த மக்களிடம் தரப்படுத்தப்பட்டது என்று பெற்றோர் தயங்காமல் கேட்கலாம். மொழி புரியாததால் குறைந்த மதிப்பெண்ணை அறிவுக் குறைவாகப் பதிந்துவிட்டால், பின்னர் அதை மாற்றுவது எளிதன்று.

இதற்கு நேர்மாறான ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். பண்பாடு, நம்பிக்கை என்ற பெயரால் சிகிச்சையைத் தடுப்பதும் அநீதியே: 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் நம்பிக்கை சார்ந்த மனநலக் காப்பகம் ஒன்றில் நேர்ந்த தீ விபத்தில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயர் 28 பேர் தப்ப வழியின்றி மாண்டனர். சங்கிலியிடுவதை எவ்வகையிலும் அனுமதிக்க முடியாது என்று இன்றைய சட்டத்தின் 95ஆம் பிரிவு தடை செய்கிறது.

உரிமை மீறப்பட்டால் மனநல மறுஆய்வு வாரியத்தில் முறையிடலாம். அதற்கான இலவசச் சட்ட உதவியை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்டுப் பெறலாம். மனநல ஆலோசனைக்கு ‘டெலி மானஸ்’ எண் 14416இல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.