ஓடாமல் ஓடும் ஒரு சொல்

நாம் மாணவராயிருந்த காலத்தில் ஒரு தாயை இரண்டு நாள் அழவைத்த பாவம் எமக்குண்டு. அதற்குக் காரணமாயிருந்தது ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துக்களாலான ஒரு சிறு சொல். ‘ரன்’ என்பதே அச்சொல்.

1990களில் ஒரு நாள், தொலைபேசி எமது ஊருக்கு எட்டாதிருந்த வேளை, அயல்வீட்டு மாமி ஒரு கடிதத்துடன் வந்தார். இங்கிலாந்திற் படித்துக்கொண்டிருந்த அவருடைய மகன் தங்கியிருந்த வீட்டின் உரிமையாளராகிய அம்மையார் எழுதிய கடிதம் அது. “தம்பி, இதை ஒருக்கால் வாசித்துச் சொல்லு ராசா” என்றார் மாமி. ‘ஹி இஸ் வெரி ரன் டவுன்’ என்று ஒரு வாக்கியம் அதில் இருந்தது. உடனே எமது கையகராதியைப் புரட்டினோம். ‘ரன் டவுன்’ என்பதற்கு வாகனத்தால் மோதி வீழ்த்துதல் என்ற பொருள் கண்ணிற் பட்டது. அதற்கு மேல் நாம் வாசிக்கவில்லை. “மாமி, உங்கள் மகனை வாகனம் மோதிவிட்டதாம்” என்றோம். அன்றிரவு அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை.

உண்மை யாதென்பதைப் பின்னர்க் கூறுவோம். அதற்குமுன், எம்மை ஏமாற்றிய அச்சொல்லைச் சற்று நெருங்கிப் பார்ப்போம்.

ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியின் முதற் பகுதி 1884ஆம் ஆண்டில் வெளிவந்தது. முழு அகராதியும் 1928இலேயே நிறைவெய்தியது. 1989இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட விளக்கத்தைப் பெற்றிருந்தது ‘செட்’ என்னும் வினைச்சொல். அதனை விளக்க ஏறத்தாழ 60,000 சொற்கள் வேண்டியிருந்தன. மூன்றாம் பதிப்புக்கான திருத்த வேலையில் அந்த முதலிடத்தை ‘ரன்’ கைப்பற்றிக்கொண்டது. வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள்கள் உள்ளன என 2011இல் அறிவிக்கப்பட்டது. பீற்றர் கில்லிவர் என்னும் அகராதி ஆசிரியர் இவ்வொரு சொல்லுக்காகவே ஒன்பது மாதங்கள் உழைத்தார்.

இத்தனை பொருள்களும் எங்கிருந்து வந்தன? ஜேர்மன் மொழியில் இச்சொல்லுக்கு இரண்டு உறவுச் சொற்கள் உள்ளன. ஒன்று நீர் வழிந்தோடுவதைக் குறிக்கும். மற்றையது காலால் ஓடுவதைக் குறிக்கும். ஆங்கிலத்தில் இவ்விரண்டு பொருளையும் ‘ரன்’ ஒன்றே சுமக்கின்றது. ஆகவே, குழாய் நீரும் ‘ரன்’ செய்யும். தடிமன் பிடித்தவரின் மூக்கும் ‘ரன்’ செய்யும். துவைத்த சேலையின் சாயம் கசிந்து மற்றத் துணியிற் படிந்தால் அச்சாயமும் ‘ரன்’ செய்ததாகும். காய்ச்சல் கண்டவர் கட்டிலிற் கிடந்தவாறே உடல் வெப்பத்தை ‘ரன்’ செய்கிறார்! பின்னர் இயந்திரயுகம் பிறந்தது. புகையிரதமும் தொழிற்சாலைப் பொறிகளும் ‘ரன்’ செய்தன. இன்று கணினியின் செய்நிரலும் அவ்வாறே ‘ரன்’ செய்கின்றது.

வங்கியொன்றின்மீது நம்பிக்கையிழந்த மக்கள் தம் பணத்தை மீட்கத் திரண்டு வருவதும் ஆங்கிலத்தில் ‘ரன்’ எனப்படும். 2007 செப்டெம்பரில் பிரித்தானியாவின் நொதேர்ன் றொக் வங்கிக்கு இந்நிலை ஏற்பட்டது. வைப்பாளர்கள் கிளைகளின் வாயில்களில் நீண்ட வரிசையிற் காத்து நின்றனர். நின்றவர்களின் செயலுக்கு ‘ஓட்டம்’ எனப் பெயர்!

இனி எமது மொழியோடு ஒப்பிட்டு நோக்குவோம். ஆங்கிலேயர் கடையை ‘ரன்’ செய்கின்றனர். நாமோ கடையை நடத்துகின்றோம். அவர்கள் ஓட, நாம் நடக்கின்றோம். அமெரிக்காவில் வேட்பாளர் தேர்தலுக்கு ஓடுகிறார், பிரித்தானியாவில் நிற்கிறார். தமிழரும் தேர்தலில் நிற்பவரே. கிரிக்கெட்டிலோ நாம் ஆங்கிலேயரோடு சேர்ந்து ஓடுகின்றோம். பந்து எல்லைக்கோட்டைத் தொட்டால், துடுப்பாட்டக்காரர் ஓரடியும் எடுத்து வைக்காதபோதும், ‘நான்கு ஓட்டங்கள்’ என்று எமது பத்திரிகைகள் எழுதுகின்றன.

இதனைக் கண்டு ஆங்கிலம் ஒழுங்கற்ற மொழியென எண்ணிவிடலாகாது. நமது ‘ஓடு’ என்னும் வினையும் இத்தகையதே. பேருந்து ஓடுகிறது, திரைப்படம் நூறு நாள் ஓடுகிறது, காலம் ஓடுகிறது, துயரம் வந்தால் மனத்தில் ஒன்றும் ஓடுவதில்லை. இவற்றை நாம் எந்த அகராதியிலும் தேடிக் கற்கவில்லை. தாயின் வாயிலிருந்தும் தெருவின் பேச்சிலிருந்தும் முழு வாக்கியங்களாகவே கேட்டுக் கற்றோம். ஆங்கிலத்தையோ தனிச் சொற்களாகப் பட்டியலிட்டு மனனஞ் செய்கின்றோம். இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகின்றது.

மாமியின் கடிதத்துக்கு மீண்டும் வருவோம். இரண்டாம் நாள் அதனை எமது ஆங்கில ஆசிரியரிடம் கொண்டு சென்றோம். அவர் வாசித்துவிட்டு, அகராதியைத் தொடாமலே ஒரு சொல்லின்மேல் விரலை வைத்தார். அவர் காட்டியது ‘ரன்’ அன்று; அதற்கு முன் நின்ற ‘வெரி’. “மிக என்று எழுதியிருக்கிறாரே. ஒருவனை வாகனம் மோதும், அல்லது மோதாது. மிக மோதப்பட்டான் என்று யாராவது சொல்வார்களா? மிகக் களைத்தான் என்றே சொல்லலாம். பையன் ஓய்வின்றிப் படித்து உடல் சோர்ந்திருக்கிறான், அவ்வளவுதான்” என்றார்.

அகராதியில் அந்தப் பொருளும் இருந்தது. நாம் பார்த்த வரிக்குச் சற்றுக் கீழேயே இருந்தது.

மாணவர்களே, ஒரு சொல்லின் பொருள் அச்சொல்லினுள் மட்டும் உறைவதில்லை. அதன் அயலிலும் உறைகின்றது. புதிய சொல்லைக் குறிப்பேட்டில் எழுதும்போது பொருளை மாத்திரம் எழுதாது, அது வந்த வாக்கியத்தையும் முழுமையாக எழுதுங்கள். அகராதியிற் கண்ட முதற் பொருளோடு நின்றுவிடாது, இறுதிவரை பாருங்கள். பின்னர் ஒவ்வொரு பொருளையும் வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள். பொருந்தாதது தானே விலகிவிடும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மருத்துவரின் குறிப்பையும் வங்கியின் கடிதத்தையும் பிள்ளைகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லும் வழக்கம் எமது வீடுகளில் இன்றும் உண்டு. அது நல்ல வழக்கமே. ஆயினும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிவையும் அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள்.

உண்மையை அறிந்த மாமி எம்மைக் கோபிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “படிக்கிற பிள்ளை சொன்னால் சரியாய்த்தான் இருக்கும் எண்டு நினைச்சன், தம்பி” என்றார். அவர் ஏசியிருந்தால் நாம் அன்றே மறந்திருப்போம். இன்றும் வகுப்பில் அகராதியைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் குரல் எம் காதில் ஒலிக்கின்றது.