ஓசூர்ப் பக்கம் ஒரு வீட்டு அருங்காட்சியகம் ஏன் வேண்டும்?

ஓசூர், பாகலூர், சூளகிரி வட்டாரத்தில் பழைய வீடு ஒன்றை இடிக்கப்போகிறார்கள் என்றால், முதலில் வந்து நிற்பவர் மர வியாபாரிதான். தூணும் உத்திரமும் நிலைக்கதவும் அவருக்குப் போகும். ஓடும் கல்லும் கிடைத்த விலைக்குப் போகும். மண்சுவர் அந்த மனையிலேயே நிரவப்படும். சிப்காட் தொழிற்பேட்டை வேலைக்கு வருவோருக்கு வரிசை வீடு கட்டி வாடகைக்கு விட்டால் மாதாமாதம் வருமானம். வீட்டுக்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தாத்தா பாட்டி எப்படிப்பட்ட வீட்டில் வாழ்ந்தார்கள் என்று பிள்ளைகள் கேட்டால், கூட்டிப்போய்க் காட்டக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓர் இடம் வேண்டாமா?

அப்படி ஓர் இடத்தைச் சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் செய்து காட்டியிருக்கிறார்கள். தட்சிணசித்ரா என்று பெயர். டெபோரா தியாகராஜன் 1984-இல் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் நடத்துகிறது. சுமார் 10 ஏக்கரில், தென்மாநிலங்களின் 18 வீடுகளோடு உள்ள இந்த வளாகம் 1996 டிசம்பரில் மக்களுக்குத் திறக்கப்பட்டது. தொடக்கத் திட்டம் கட்டடக் கலைஞர் லாரி பேக்கருடையது. அதை வளர்த்தெடுத்தவர் பென்னி குரியகோஸ்.

வீடு எப்படி ஊர்விட்டு ஊர் வருகிறது? இடிக்க முடிவான வீடாகப் பார்த்து வாங்குகிறார்கள். அளவெடுத்து, வரைந்து, படம் பிடித்து, ஒவ்வொரு தூணுக்கும் சட்டத்துக்கும் எண் போட்டுப் பிரிக்கிறார்கள். லாரியில் வந்த மரத்தை, அந்தந்தப் பகுதிக் கைவினைஞர்களே மறுபடி பூட்டுகிறார்கள். மண்சுவரைப் பெயர்த்துவர முடியாது. அதைப் பழைய அளவிலேயே புதிதாக எழுப்ப வேண்டும். என் பார்வையில் இந்த வேலையின் உயிர் கொத்தனார், தச்சர் கையில்தான் இருக்கிறது. அவர்கள் இருக்கும்வரைதான் இது நடக்கும்.

உள்ளே செட்டிநாட்டு வணிகர் வீட்டுக்கும் தஞ்சை உழவர் வீட்டுக்கும் சில நிமிட நடைதான். காஞ்சி நெசவாளர் வீடு, கோட்டயம் பக்கத்துச் சிரியன் கிறிஸ்தவர் வீடு, சிக்மகளூர் வீடு, ஆந்திரக் கடலோரத்தின் வட்டக் குடில் எனத் தெரு நீள்கிறது. திண்ணையில் உட்காரலாம், முற்றத்தில் நிற்கலாம். குயவர் சக்கரம் சுற்றுகிறார். பக்கத்தில் பிள்ளைகள் கையில் களிமண்ணோடு உட்கார்ந்திருக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பொருளுக்கு இந்த உயிர்ப்பு வராது.

இந்தத் திறந்தவெளி அருங்காட்சியக வகைக்கு முன்னோடி, ஆர்தர் ஹசேலியஸ் 1891-இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கிய ஸ்கான்சென். ஆலைகள் பெருகி, கிராம வாழ்க்கை கண்முன்னே மாறிய காலம் அது. ஓசூரின் இன்றைய நிலையும் அதுதான். போபாலில் இந்திரா காந்தி தேசிய மானுட அருங்காட்சியகம் சுமார் 200 ஏக்கரில் பரந்திருக்கிறது. பழங்குடியினர் வீடுகளை அங்கே திறந்தவெளியில் பார்க்கலாம். நம் பக்கத்திலிருந்து கர்நாடக எல்லை தாண்டினால், பெங்களூரு–மைசூரு சாலையில் ராமநகரம் அருகே எச்.எல். நாகேகவுடா உருவாக்கிய ஜானபத லோகா கன்னட நாட்டுப்புற வாழ்வைக் காத்துவருகிறது.

நம் பக்கம் காட்ட என்ன இருக்கிறது? பாறையில் வரிசையாகத் துளை போட்டு, ஆப்பு இறக்கிப் பிளந்த கற்பலகைகளை நட்டுக் கட்டிய வீடுகள் இருக்கின்றன. நாட்டு ஓட்டு வீடுகள், ராகி திரிக்கும் கல், களி கிண்டும் அடுப்பு, ஏர்மாட்டுக் கொட்டகை எல்லாம் இன்னும் கண்ணில் படுகின்றன. ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசும் ஊர்கள் இவை. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி மலைப் பகுதியில் இருளர் குடியிருப்புகள் உண்டு. மல்லச்சந்திரத்தில் இறந்தவர்களுக்காகக் கல்லை நிறுத்தி, மேலே பலகை மூடிய கற்திட்டைகள் மலைமேல் நிற்கின்றன. கல்லை வைத்துக் கட்டும் வழக்கம் இந்த மண்ணில் எவ்வளவு பழையது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்கள் இருக்கின்றன. தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. உழுதவர், நெய்தவர், கல் உடைத்தவர் வீடுகளுக்குத்தான் இடமில்லை.

பணத்துக்கு வழி இருக்கிறது. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் மூன்றாண்டு சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். பாரம்பரியம், கலை, பண்பாட்டைக் காப்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. இத்தனை ஆலைகள் உள்ள மாவட்டத்தில் சில ஏக்கரும் சில வீடுகளும் பெரிய கேள்வியல்ல. மாவட்ட நிர்வாகம் முன்கை எடுக்க வேண்டும்.

அதுவரை வீட்டுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். இடிப்பதற்கு முன் ஒருநாள் ஒதுக்குங்கள். அறை அறையாக அளவெடுத்து, படம் பிடித்து, கட்டியவர் யார், எந்தக் குவாரிக் கல், எந்த மரம் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி, ஒரு பிரதியை அரசு அருங்காட்சியகத்தில் கொடுத்துவிடுங்கள்.