பழைய ஹெரால்டு கார் விலைக்கு வந்தால்

கல்வராயன் மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கும் புளியை மூட்டை பிரித்துப் பார்த்துத்தான் நாம் விலை பேசுகிறோம். பழைய காருக்கும் அதுவே முறை.

இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு காரை 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூரில் ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்ற பெயரில் தயாரித்தார்கள். அதன் சேஸிஸைக் குறுக்கித்தான் 1962இல் ‘ஸ்பிட்ஃபயர்’ ஸ்போர்ட்ஸ் காரை இங்கிலாந்தில் செய்தார்கள்.

அப்படியொரு ஹெரால்டு விலைக்கு வந்தால் பெயிண்டின் பளபளப்பில் மயங்க வேண்டாம். சேஸிஸில் துரு உண்டா, அதன் எண் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்போம்.

2021 விதிப்படி, 50 ஆண்டு கடந்து அசல் நிலை மாறாத வண்டியை ‘விண்டேஜ்’ என்று பதியலாம். புதுப்பதிவுக் கட்டணம் ரூ.20,000. ஆனால் அப்படிப் பதிந்தபின் அதில் சரக்கேற்றவோ தினமும் கடைக்குப் போய்வரவோ முடியாது. ஆகவே கடை முதலைத் தொடாமல், கைமிச்சத்தில் வாங்குவதே வியாபாரிக்கு அழகு.