மரத்தடியில் விழுந்த சூரியன்கள்

காலை பத்து மணிவாக்கில் ஒரு ரப்பர் மரத்தடியில் நின்று தரையைப் பாருங்கள். சருகின் மேல் வட்ட வட்டமாக வெளிச்சம் சிந்திக் கிடக்கும். அண்ணாந்து பார்த்தால், இலைகளுக்கு நடுவே உள்ள சந்துகளில் ஒன்றுகூட வட்டமில்லை. ஒன்று கோணல், ஒன்று முக்கோணம், ஒன்று கிழிந்த துணி மாதிரி. மேலே கோணலாக இருப்பது கீழே எப்படி வட்டமாக விழுகிறது?

தரையில் விழுவது சந்தின் வடிவமே இல்லை. அது சூரியனின் படம். ஒவ்வொரு சந்தும் ஒரு கேமரா. ஒவ்வொரு வட்டமும் ஒரு சூரியன்.

பள்ளிப் பையில் இருக்கும் அளவுகோலை எடுத்து ஒரு வட்டத்தின் குறுக்களவை அளந்து பாருங்கள். நீள்வட்டமாக இருந்தால் குறுகிய பக்கத்தை அளந்தால் போதும். வந்ததை 108ஆல் பெருக்குங்கள். அந்த வெளிச்சம் நுழைந்த சந்து உங்கள் காலடியிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். 13 சென்டிமீட்டர் வட்டம் என்றால் ஏறத்தாழ 14 மீட்டர். மரமேற வேண்டாம், கயிறு வேண்டாம்.

108 எங்கிருந்து வந்தது? சூரியனின் குறுக்களவு ஏறக்குறைய 14 லட்சம் கிலோமீட்டர். நமக்கும் அதற்கும் இடையே 15 கோடி கிலோமீட்டர். வகுத்தால் சுமார் 108. வானத்தில் இருக்கும் பெரிய முக்கோணத்துக்கும் மரத்தடியில் இருக்கும் சின்ன முக்கோணத்துக்கும் விகிதம் ஒன்றுதான். ஜெபமாலையில் 108 மணி கோத்ததற்கு இதுதான் காரணம் என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பொறுமையாகக் கடந்துவிடுங்கள். எண் ஒத்துப்போகிறது, அவ்வளவே.

ஆயர் தாவாரில் ஓர் இடைநிலைப்பள்ளியில் படிவம் நான்கு பிள்ளைகளுக்குப் படமெடுக்கக் கற்றுக்கொடுக்கும் வேலையை என்னிடம் கொடுத்தால், முதல் வாரம் கேமராவைக் கண்ணில் காட்ட மாட்டேன். இந்த வட்டங்களை அளக்கத்தான் கூட்டிப்போவேன்.

ஆயர் என்றதும் மாடும் குழலும் நினைவுக்கு வரும் தமிழ்நாட்டு வாசகருக்கு ஒரு சொல்: இது மலாய். ஆயர் என்றால் தண்ணீர். தாவார் என்றால் உப்புக் கரிக்காதது. பேராக் மாநிலத்தின் மஞ்சோங் மாவட்டத்தில், சித்தியவானுக்குப் பக்கத்தில் இருக்கும் சிற்றூர். 1877இல் இதே பேராக்கின் கோலகங்சாரில் ஒன்பது ரப்பர் கன்றுகளை நட்டார்கள். பிற்பாடு மாநிலம் முழுக்கப் பால்மரக் காடாயிற்று. இப்போது பெரும்பகுதி செம்பனை. ஆனாலும் அளப்பதற்கு நாலு பால்மரம் கிடைக்காமல் போகாது. ஆண்டின் தொடக்க மாதங்களில் மட்டும் போகக் கூடாது. அப்போது மரங்கள் இலை உதிர்த்து நிற்கும். சந்தே இருக்காது, எல்லாம் வானம்.

இந்த வட்டம் ஏன் வட்டமாக இருக்கிறது என்ற கேள்வி பழையது. கிரேக்கத்தில் அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கும் ஒரு வினாத் தொகுப்பில் அது இருக்கிறது. சீனாவில் மோசியின் மாணாக்கர்கள், ஒரு துளை வழியே போகும் வெளிச்சம் உருவத்தைத் தலைகீழாக்கும் என்று இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-ஹைதம், கிரகணத்தன்று ஒரு துளை வழியே விழும் ஒளி ஏன் பிறைபோல ஆகிறது என்று தனியாக ஒரு நூலே எழுதினார். ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் சீனப் பிள்ளைக்கும், மதவழியில் மலாய்ப் பிள்ளைக்கும் இதில் முன்னோர் பெயர் சொல்ல ஆளிருக்கிறது. நம் பிள்ளை முகம் வாட வேண்டாம். ஹம்பி விருபாட்சர் கோயிலுக்குப் போனால், ஒரு சிறு துளை வழியே நுழைந்த ராஜகோபுரத்தின் உருவம் உள்சுவரில் தலைகீழாக விழுவதைக் காட்டுவார்கள்.

2019 டிசம்பர் 26ஆம் தேதி நண்பகலை ஒட்டி மலேசியாவில் சூரிய கிரகணம். ஜொகூரின் தென்முனையில் அது நெருப்பு வளையம். பேராக்கில் பகுதி கிரகணம். அன்றைக்கு மரத்தடியில் நின்றவர்களின் காலடியில் நூற்றுக்கணக்கான பிறைகள் கிடந்திருக்கும். விசேஷக் கண்ணாடி தேடி அலைந்தவர்களில் எத்தனை பேர் குனிந்து பார்த்தார்கள்?

இரண்டாவது வாரம் வகுப்பறையையே கேமரா ஆக்கலாம். செலவு, கறுப்புக் குப்பைப் பைகளும் ஒட்டுநாடாவும். சன்னல்களை ஒரு பொட்டு வெளிச்சம் வராமல் அடைத்து, திடலைப் பார்த்த பக்கம் மட்டும் பத்து சென் நாணயத்தின் அளவுக்கு ஒரு துளை விட வேண்டும். கண் பழக ஐந்தாறு நிமிடமாகும். அப்புறம் எதிர்ச்சுவரில் கொடிக்கம்பம் தலைகீழாகத் தொங்கும். வானம் கீழே, புல் மேலே. திடலில் ஓடும் பையன் உத்தரத்தை ஒட்டி ஓடுவான், நிறத்தோடு, அசைவோடு. துளையைச் சிறிதாக்கினால் உருவம் கூர்மையாகும், ஆனால் மங்கும். பெரிதாக்கினால் பளிச்சிடும், ஆனால் கலங்கும். ஒளிப்பதிவாளர் வாழ்நாள் முழுக்கப் பண்ணும் பேரம் இதுதான். கண்ணாடி வில்லை என்பது, துளையைப் பெரிதாக வைத்துக்கொண்டே கலங்காமல் தப்பிக்கக் கண்டுபிடித்த வழி.

சுவரில் விழுந்த உருவத்தைப் பிடித்துவைக்கத்தான் மனிதனுக்குப் பல நூற்றாண்டுகள் ஆயின. பிடித்தது வெள்ளி. பேராக் என்ற மலாய்ச் சொல்லுக்கும் வெள்ளி என்றே பொருள். ஆனால் இந்த மாநிலம் தோண்டி எடுத்ததெல்லாம் வெள்ளீயம். பழைய படச்சுருளில் வெள்ளி உப்பின் நுண்படிகங்கள் ஜெலட்டினில் தூவப்பட்டிருக்கும். ஒளி பட்ட படிகத்தில் மூன்று நான்கு வெள்ளி அணுக்கள் ஒன்றுசேர்ந்துவிட்டால் போதும், அது ‘பார்த்துவிட்டது’. அந்த நாலு அணுவின் சாட்சியை நம்பி, கழுவும் திரவம் முழுப் படிகத்தையும் வெள்ளியாக்கிவிடும். நூறு கோடி மடங்கு வரை பெருக்கம். கைப்பேசியில் இந்த ரசவாதம் கிடையாது. சிலிக்கான் சில்லின் கோடிக்கணக்கான குழிகளில் ஒளி விழுந்து எலெக்ட்ரானாக மாறுகிறது. தோட்டத்தில் பால் நிறுக்கும் கொட்டகையில் ஒவ்வொருவர் வாளியையும் நிறுத்துக் கணக்கெழுதுவது போல, குழிகளில் சேர்ந்ததைச் சில்லு எண்ணி எழுதுகிறது.

கேமரா வேலை செய்யும் விதம் இது. அது யார் கையில் இருந்தது என்பது வேறு கதை. 1946இல் கோலாலம்பூரில் மலாயன் பிலிம் யூனிட் தொடங்கியது. அதன் படங்களை ஏற்றிக்கொண்டு தகவல் இலாகாவின் வண்டி தோட்டம் தோட்டமாக வந்தது. திடலில் திரை கட்டினார்கள். தமிழிலும் குரல் வந்தது. நம் பாட்டன் பாட்டிகள் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். கேமராவின் பின்பக்கம் அவர்களுக்கு வேலை இல்லை.

அந்தப் பின்பக்கத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தவர்கள் உண்டு. கேரளத்தில் 2018இல் தொடங்கிய ‘லிட்டில் கைட்ஸ்’ திட்டத்தில் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் பிள்ளைகளே பள்ளியின் டி.எஸ்.எல்.ஆர். கேமராவை எடுத்துப் படம்பிடித்துத் தொகுக்கக் கற்கிறார்கள். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022இலிருந்து சிறார் படங்களைத் திரையிட்டுப் பேசவைக்கிறார்கள். பார்க்கக் கற்பதும் பாதிப் பாடம்தான். மீதிப் பாதி விரலில் இருக்கிறது.

அந்த விரலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம் முகத்தைப் பற்றியது.

கேமராவின் அடிப்படை வெளிச்சக் கணக்குக்கு முகம், சட்டை, வானம் என்ற பேதம் தெரியாது. சட்டத்துக்குள் விழும் மொத்த வெளிச்சத்தையும் கூட்டிச் சராசரி எடுத்து, அந்தச் சராசரியை ஒரு நடுத்தரச் சாம்பல் நிறத்துக்கு இழுக்கும். நூற்றில் 18 பங்கு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அது. இப்போது வெள்ளைச் சீருடையில் முப்பது பிள்ளைகளை வெயில் விழும் சன்னலுக்கு முன்னால் நிறுத்திப் படமெடுங்கள். காட்சி முழுக்க வெளுப்பு. கேமரா பதறிப்போய் எல்லாவற்றையும் இருட்டாக்கும். சட்டை சாம்பலாகும், வெளுத்த முகங்கள் ஒருமாதிரித் தேறிவிடும், கறுத்த முகத்தில் கண்ணும் பல்லும் மட்டும் மிஞ்சும். ‘நான் போட்டோவுல நல்லா விழ மாட்டேன் சிக்கு’ என்று ஆசிரியரிடம் சொல்லிப் பின்வரிசைக்கு நழுவும் பிள்ளை எந்த வகுப்பிலும் உண்டு. பிள்ளை மேல் தப்பில்லை. சராசரி மேல் தப்பு.

இது கைப்பேசியோடு வந்த கோளாறும் இல்லை. கோடாக் நிறுவனம் தன் வண்ணப் படச்சுருளைக் கழுவும் கூடங்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பிவந்தது. அதற்கு ‘ஷெர்லி அட்டை’ என்று பெயர். அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். அவள் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி. பல ஆண்டுகள் உலகத்தின் தோல் நிறத்துக்கெல்லாம் அவள்தான் அளவுகோல். சுருளைத் திருத்த வைத்ததில், கறுத்த மக்களின் குறையைவிடச் சாக்லேட் கம்பெனிக்காரர்களும் மர நாற்காலி மேசை விற்பவர்களும் ‘எங்கள் பொருளின் பழுப்பு சரியாக விழவில்லை’ என்று சொன்ன புகாருக்குப் பங்கு அதிகம் என்கிறார்கள் அதை ஆராய்ந்தவர்கள். சிரிப்பதா என்று தெரியவில்லை.

மருந்து எளிது. திரையில் அந்தக் கறுத்த முகத்தின் மேல் விரலை வைத்து ஓரிரு விநாடி அழுத்திப் பிடித்தால், வெளிச்சக் கணக்கு அங்கேயே பூட்டிக்கொள்ளும். பிள்ளையைச் சன்னலுக்கு எதிரே திருப்பி நிறுத்தினால் இன்னும் நல்லது. ஒரு வெள்ளை மணிலா அட்டையை மார்புக்குக் கீழே பிடித்தால் கன்னத்தில் வெளிச்சம் ஏறும். கறுத்த தோலில் வெளிச்சம் மினுமினுப்பாகத் தங்கும். அந்த மினுமினுப்பைப் பிடிக்கத் தெரிந்தவன் கையில் அது அழகாகும்.

நம் கண் இந்த விஷயத்தில் கேமராவைவிடக் கெட்டிக்காரன். ஒரு மீட்டர் தள்ளி எரியும் மெழுகுவர்த்தி தரும் வெளிச்சம் ஒரு லக்ஸ். உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸுக்கு மேல். சதுரங்கக் கட்டத்தில் அரிசியை இரட்டித்த கதைபோல, ஒன்றிலிருந்து பதினேழு முறை இரட்டித்தால் மெழுகுவர்த்தி வெயிலாகிவிடும். இரண்டுக்கும் கண் மாறிமாறிப் பழகிக்கொள்ளும். நல்ல கேமராவே ஒரே படத்துக்குள் பன்னிரண்டு பதினாலு இரட்டிப்புக்கு மேல் தாங்காது. மிச்சம் வெள்ளையாக வெளுக்கும், அல்லது கறுப்பாகப் புதையும்.

வகுப்பறைக் குழல் விளக்கைப் படமெடுக்கும்போது திரையில் கறுப்புப் பட்டைகள் ஊர்ந்தால் கைப்பேசி பழுது என்று நினைக்க வேண்டாம். மலேசிய மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. விளக்கு விநாடிக்கு 100 முறை துடிக்கும். படம்பிடிக்கும் நேரத்தை ஐம்பதில் ஒரு விநாடி என்றோ நூறில் ஒரு விநாடி என்றோ வைத்தால் பட்டை மறையும். மின்விசிறி இறக்கை வாழைப்பழம் மாதிரி வளைந்து தெரிவது வேறு சங்கதி. சில்லு படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாக வாசிக்கிறது. அது வாசித்து முடிப்பதற்குள் இறக்கை நகர்ந்துவிடுகிறது.

இந்த வெளிச்சக் கணக்கெல்லாம் கைவந்த ஒருவரின் கதை இனி. மட்டக்களப்பு அமிர்தகழியில் 1939இல் பிறந்த ஒரு பையன், பள்ளிச் சுற்றுலாவில் கித்துல்கல என்ற ஊருக்குப் போனான். அங்கே ஆற்றங்கரையில் டேவிட் லீன் படமெடுத்துக்கொண்டிருந்தார். அவர் ‘மழை’ என்று கத்த, மழை பெய்தது. அந்த மழையில் நனைந்த ஆசைதான் தன்னைச் சினிமாவுக்குக் கொண்டுவந்தது என்று பிற்காலத்தில் அவரே சொல்லிவந்தார். புனே திரைப்படக் கல்லூரியில் 1969இல் ஒளிப்பதிவில் தங்கப்பதக்கம். பாலு மகேந்திரா. கிடைக்கிற இயற்கை வெளிச்சத்தில் மனித முகத்தை அதன் நிறத்தோடு காட்டியவர்களில் அவருக்கு முன்வரிசை.

அன்று கித்துல்கலவில் எடுத்த படம் 1957இல் வெளிவந்த ‘தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்’. சயாம் மரண ரயில் கதை. 415 கிலோமீட்டர்ப் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை ஜப்பானியர் கொண்டுபோனார்கள், திரும்பாதவர்கள் ஏராளம். படமோ பிரிட்டிஷ் போர்க்கைதிகளின் கதை. நம் ஆட்கள் சட்டத்துக்குள் இல்லை. வெளிச்சக் குறைவால் வந்த இருட்டு இல்லை அது. துளையை எந்தப் பக்கம் வைப்பது என்று முடிவெடுத்தவரின் கணக்கு.

துளை இந்தப் பக்கம் திரும்பியதும் உண்டு. தீபக் குமாரன் மேனன் 2005இல் எடுத்த ‘செம்மண் சாலை’யில் படிக்க ஆசைப்படும் ஒரு தோட்டத்துப் பெண் இருந்தாள். சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படமாயிற்று. அதில் தோட்டத்தைவிட்டு வெளியே விழுந்தவர்களின் பிள்ளை இருந்தான்.

கடைசி வாரத்துக்கு ஒரு பயிற்சி. மேற்குக் கரையில் பொழுது விடிய ஏழு மணி தாண்டும். பால்வெட்டு அதற்கு முன்பே, தலைவிளக்கு வெளிச்சத்தில். இலைகள் நீரை வெளியே விடாத குளிர்ந்த நேரத்தில்தான் பட்டைக்குள் அழுத்தம் உச்சத்தில் இருக்கும்; பால் நன்றாக ஓடும். தோட்டத்தில் அனுமதி கேட்டுக்கொண்டு, கோடு கிழித்த கையோடு ஒரு மரத்துக்கு முன்னால் கைப்பேசியை அசையாமல் நிறுத்தி, பத்து விநாடிக்கு ஒரு படம் எடுக்க வைக்க வேண்டும். மூன்று மணி நேரத்தில் 1,080 படம். விநாடிக்கு 24 வீதம் ஓட்டினால் சரியாக 45 விநாடி.

முதலில் முழு இருட்டு. வெட்டுக்கோட்டில் வெள்ளையாக ஒரு கோடு இறங்கும், மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணம்) பால் ஏறும். நடுவில் எங்கோ கறுப்பு நீலமாகும், நீலம் பச்சையாகும். முப்பதாவது விநாடிக்கு மேல், வெயில் இலைச் சந்தைக் கண்டுபிடித்ததும், சருகின் மேல் வட்டங்கள் முளைக்கும். சூரியன் வானத்தில் தன் அகலத்தைக் கடக்க இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகமாகும். அந்த நேரம் நம் படத்தில் அரை விநாடி. ஆகவே வட்டங்கள் நிற்கமாட்டா. பாலின் சொட்டு தயங்கித் தயங்கி நின்றுபோகும்போது, மங்கைச் சுற்றிலும் அந்தச் சின்னச் சூரியன்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டிருக்கும். பூமி சுழல்கிற வேகம் அது.